ராஜி தூணைப் பிடிக்கும்போது

ராஜி ஓடிவருகிறாள். எதிரே ஒரு கல்தூண். பட்டனை அழுத்தினால் ஒரு கையால் தூணைப் பற்றி, உடம்பை வெளிப்பக்கமாக வீசி, ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். அந்த வேகத்தில் பக்கத்தில் நிற்கிற அசுரர்கள் சிதறி விழுகிறார்கள். சண்டையில் ஜெயிக்க இந்தச் சுற்று ஒன்றும் கட்டாயமில்லை. திரிசூலத்தை வைத்துக் குத்திக்கொண்டே இருந்தாலும் கதை நகரும். நானோ தூண் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அசுரக் கூட்டத்தை அங்கே இழுத்துக்கொண்டு போய், வேண்டுமென்றே சுற்றுகிற ஆள். அறைத்தோழன் கோவில்பட்டிக்காரன். அவனுக்கு இது பொறுக்காது.

“எலே, அடிச்சு முடிச்சு மேல போவியா, அந்தத் தூணையே சுத்திக்கிட்டுக் கெடக்கே?”

“இரு மாப்ள, இன்னும் ஒரு தடவ.”

அவனுக்குக் கதை முடிய வேண்டும். எனக்கு அந்தக் கை தூணில் படுகிற இடம் வேண்டும். பிடி விழுந்ததும் தோள் முதலில் திரும்புகிறது, இடுப்பு அதன் பின்னால் போகிறது, கால்கள் கடைசியில். சுற்று முடிந்து தரையில் இறங்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கிக் கனத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெண்ணுக்குக் கனம் ஏது? யாரோ ஒருவர் உட்கார்ந்து கொடுத்திருக்கிறார். அதைத்தான் ரசிக்கிறேன்.

‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ என்ற இந்த வீடியோ கேம் எங்கள் ஊர்ச் சரக்கு என்பதில் எனக்கு ஒரு அல்ப பெருமை உண்டு. ஹிஞ்சேவாடியில் வாடகைக்கு இருப்பவன் புனேயை எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்றால், இங்கே சாலையில் நான் கழித்த மணிநேரங்களுக்கு அந்த உரிமையாவது வேண்டும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. விடாமல் இழுத்துப் பிடித்து 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும், அக்டோபரில் மற்றக் கருவிகளுக்கும் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான இறுதிப் பட்டியலில் இடம். விருது ‘ஃபாஸ்மோஃபோபியா’ என்ற பேய் விளையாட்டுக்குப் போனது. போகட்டும்.

கதை எளிது. சர்க்கஸில் வித்தை காட்டுகிற பெண் ராஜி, அசுரர்கள் தூக்கிக்கொண்டு போன தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள் என்பது என் கட்சி. பெண் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கடவுள் இன்னொரு கடவுளுக்குப் புராணம் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குக் காது கொடுக்கத் தோன்றும்? முடிவும் பாதியில் கதவைச் சாத்தின மாதிரி வந்துவிடுகிறது. ஆனால் நாயகி சர்க்கஸ்காரி என்று வைத்துக்கொண்டார்களே, அதில் இருக்கிறது சூட்சுமம். இளவரசி சுவரேறி ஓடினால் எப்படிக் கற்றாள் என்று ஒரு கேள்வி வரும். சர்க்கஸ்காரி ஓடினால் வராது. கயிறும் கம்பமும் அவள் வயிற்றுப்பாடு.

கம்பம் என்றதும் புனேக்காரர்களுக்கு மல்லகாம்ப் ஞாபகம் வராமல் இருக்காது. நம் விழுப்புரத்தில் மல்லர் கம்பம் என்கிறார்களே, அதுதான். நட்டு நிறுத்திய மரக்கம்பம், கீழே பருத்து மேலே ஒடுங்கும். விளக்கெண்ணெய் தடவியிருக்கும். அதன்மேல் தொடையாலும் அக்குளாலும் பிடித்துக்கொண்டு ஆசனம் போடுவார்கள். கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் உடற்பயிற்சி ஆசான் பாலம்பட் தாதா தேவ்தர்தான் வழக்கொழிந்து கிடந்த இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் என்று இங்கே சொல்வார்கள். ராஜியைச் செய்தவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்களா என்பது வேறு பேச்சு. நான் பார்த்த மல்லகாம்ப் பையன்களிடம் ஒன்று கவனித்திருக்கிறேன். கம்பத்தில் பாய்வதற்கு முன்னால் அவர்கள் கை ஒரு நொடி கம்பத்தைத் தொட்டுப் பார்க்கும். எண்ணெய் எவ்வளவு, பிடி நிற்குமா என்று. ராஜி தொட்டுப் பார்ப்பதில்லை. அவளுக்கு நேரமில்லை, பின்னால் அசுரன். அந்த ஒரு தொடுதலை மட்டும் வைத்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

இன்னொன்று, கேமரா. பெரும்பாலான விளையாட்டுகளில் கேமரா நாயகனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும். இதில் அது தூரத்தில் நின்றுகொள்கிறது. கோட்டை பெரிது, மலை பெரிது, ராஜி சுண்டுவிரல் அளவு. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பின்னணியைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சுவரும் மரமும் மேகமும் பஹாரி ஓவியங்களின் சாயலில் தீட்டப்பட்டிருக்கின்றன. காங்ரா, குலேர், பசோலி என்று இமயமலை அடிவாரத்துச் சிற்றரசுகளில், அணில் முடித் தூரிகையால் வரைந்தார்களே, அந்தச் சிற்றோவிய மரபு. அங்கேயும் இப்படித்தான். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டாமல், மரத்தடியில் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தி, அவள் மனசு எப்படி இருக்கிறது என்பதை மேகமும் கொடியும் சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்கள். ராஜி தனியாக ஒரு நீளமான கல்பாலத்தில் ஓடும்போது அவள் முகம் தெரியாததில் எனக்கு இப்போது குறையே இல்லை.

சண்டைக்கு நடுநடுவே கதை சொல்கிற காட்சிகளை நிழல்பாவைகளாக வைத்திருக்கிறார்கள். வேலையை மிச்சம்பிடிக்க நல்ல வழி என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்லலாம். எனக்கு அதிலும் ஒரு நயம் தெரிகிறது. சற்று முன்வரை கனத்தோடு குதித்துக்கொண்டிருந்த பெண், திரை மாறியதும் கனமே இல்லாத கருப்புத் துண்டாகிவிடுகிறாள். குச்சி அசைந்தால் கை அசைகிறது, வாய் அசைவதில்லை. பாவைக்குக் கனம் கிடையாது, மூட்டு மட்டும் உண்டு. முழங்கையில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு இருக்கிற இடத்தில்தான் கோபமும் அழுகையும் வந்தாக வேண்டும்.

குமரி மாவட்டத்துக் கோயில் கொடைகளில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் கூத்தை நடத்துகிற கணிகர் சமூகத்தினர் வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சாவூரில் மராட்டியர் ஆண்ட காலத்தோடு சேர்த்து அவர்கள் வரவைச் சொல்வார்கள். அ. கா. பெருமாள் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மேடையில் தமிழில் ராமாயணம், திரைக்குப் பின்னால் மராத்தி. இந்தப் பக்கம் சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளியில் தாகர் பழங்குடியினர் தோல்பாவை ஆட்டுகிறார்கள். அவர்களில் பரசுராம் கங்காவணேவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆக, மராத்தி ஊரில் உட்கார்ந்து பாவை பார்க்கிற தமிழன் நான் என்றால், எனக்கு முன்னாலேயே எதிர்த்திசையில் போனவர்கள் இருக்கிறார்கள்.

கனத்தைப் பற்றிப் பேசினால் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வைச் சொல்லாமல் போவது பாவம். 90-களில் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் கற்றுக்கொள்ளப் போன அண்ணன்மார் பலருக்கு அதுதான் முதல் விளையாட்டு. 1989-இல் வந்தது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவும் தாவவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். டி.வி.யில் அதை நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்து, உருவத்தை மையால் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்தார். அதனால்தான் இளவரசன் சட்டென்று நிற்க மாட்டான். ஓட்டத்தை நிறுத்தினால் ஓரடி சறுக்குவான். விளிம்பில் தொங்கினால் ஏறுவதற்கு ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொள்வான். பள்ளத்தில் விழுந்து செத்த கோபத்தில் கீபோர்டைத் தட்டியவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சறுக்கல் ஒரு பையனின் நிஜமான குதிகால்.

வாள்சண்டைக்குத் தம்பி போதவில்லை. 1938-இல் வந்த ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்தில் எரல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் நின்று மோதுகிற சில விநாடிகளை எடுத்து அதன்மேல் வரைந்தார். நம் ஊரில் அதே ராபின் ஹூட் சாயலில் 1951-இல் ‘மர்மயோகி’ வந்தது. ஃப்ளின்னின் ‘கேப்டன் பிளட்’ சாயலில் 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. அப்படிப் பார்த்தால் டாஸ் இளவரசனும் எம்.ஜி.ஆரும் தூரத்துச் சொந்தம். இதை அறைத்தோழனிடம் சொன்னபோது அவன் முதன்முறையாக மொபைலைக் கீழே வைத்தான். “அப்ப நம்பியாருக்கு யாருலே சொந்தம்?” என்றான். ராத்போன்தான், வேறு யார்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வில் எனக்கு மிகவும் பிடித்தது அதில் வரும் நிழல்மனிதன். ஆப்பிள் டூ கம்ப்யூட்டரில் இன்னொரு பாத்திரத்தை வைக்க மெமரியில் இடமில்லை. இளவரசனின் அதே படங்களைக் கொஞ்சம் நகர்த்தி, அதன்மேலேயே போட்டுக் கலைத்தால் மினுமினுக்கிற ஒரு நிழலுருவம் கிடைத்தது. இளவரசன் கண்ணாடிக்குள் பாய்ந்து உடைக்கும்போது மறுபக்கத்தில் இவன் பிறக்கிறான். கடைசியில் இருவரும் வாளோடு எதிரெதிரே. அவனைக் குத்தினால் உன் உயிர் குறைகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு நேராக நடந்து அவனோடு கலந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வழி. வசதியில்லாததால் வந்த யோசனை, முழுக் கதையையும் தூக்கி நிறுத்திவிட்டது. இப்போது நூறு ஜிபி டவுன்லோடு செய்து ஆடுகிற விளையாட்டுகளில் இந்த மாதிரி ஒரு இடம் சிக்குவது அபூர்வம்.

இதையெல்லாம் ஆடிவிட்டு வெளியே போனால் கண்ணுக்குக் கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது, யார் எப்படிக் கால் வைக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம். ஹிஞ்சேவாடியில் அதற்குக் குறைவில்லை. ஃபேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கேம்காரனுக்குச் சொல்லியா தர வேண்டும். ஆடி மாத மழையில் பூம்கர் சௌக்கில் சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் பைக்கை நிறுத்துவதைப் பாருங்கள். முதுகில் பெட்டி. பள்ளம் எங்கே என்று தெரியாத தண்ணீர். காலை முழுசாக ஊன்றுவதில்லை. முதலில் செருப்பு நுனியால் ஒரு தடவல், தரை தட்டுப்பட்டதும் குதிகால், பிறகுதான் வண்டியின் பாரம் அந்தக் காலுக்கு மாறுகிறது. மல்லகாம்ப் பையன் கம்பத்தைத் தொட்டுப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். டீக்கடைக்காரர், “அண்ணா, சாய் ஆறுது” என்று கூப்பிடுகிற வரைக்கும் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். “ஆலோ பாவ்” என்று எனக்குத் தெரிந்த நாலு மராத்தியில் ஒன்றைச் செலவழித்துவிட்டுப் போவேன்.

சினிமாவில் கால் வைப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நான் புதுப்படத்துக்குப் போக மாட்டேன். ஒரு குத்தில் பத்துப் பேர் பஞ்சுமூட்டையாகப் பறந்தால் குத்தியவனுக்கும் கனமில்லை, பறந்தவனுக்கும் கனமில்லை. நான் சொல்வது 1936-இல் இதே புனேயில் பிரபாத் ஸ்டூடியோவில் எடுத்த ‘சந்த் துகாராம்’. தாம்லேயும் ஃபத்தேலாலும் இயக்கியது. மறு ஆண்டு வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது. அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் இன்று ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, நம் பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்த இடம். படத்தில் துகாராமாக விஷ்ணுபந்த் பாக்னிஸ், அவர் மனைவி ஜிஜாயியாக கௌரி. கௌரி ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வந்து, கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, பிறகு இந்த வேடத்துக்கு வந்தவர்.

பாக்னிஸ் நடக்கும்போது பாதி தரையிலும் பாதி விட்டலனிடமும் இருக்கிறார். கௌரி முழுசாகத் தரையில். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, புருஷன் பஜனையில் இருக்கிறான். பிள்ளையை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மறுகையில் செருப்பை எடுத்துக்கொண்டு, சாமியை அடிக்கக் கோயிலுக்குள் போகிறாள். இழுக்கிற கைக்கும் செருப்புக் கைக்கும் நடுவில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வெறுங்கையோடு போகிறவளின் நடை வேறு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறவளின் நடை வேறு. வீட்டில் தண்ணீர் சுமந்து பழகியவர்களுக்குத்தான் அந்தச் சாய்வு வரும். கடைசியில் வைகுண்டத்திலிருந்து தேர் வருகிறது, துகாராம் கூப்பிடுகிறார், அவளோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று இங்கேயே இருந்துவிடுகிறாள். கோவில்பட்டிக்காரன் இந்த இடத்தில், “அவ சொல்றதுதாம்லே சரி” என்றான். ராஜியில் அவனுக்கு இதுவரை யாரும் சரியாகப் பட்டதில்லை.

அடுத்த ஞாயிறு அவன் கையில் கன்ட்ரோலரைக் கொடுப்பதாகப் பேச்சு. முதல் தூணைப் பார்த்ததும் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.