பிரிந்தவர் கூடும் கதை

ஈழத்தின் முதல் தமிழ் நாவல்களுள் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’யை 1891ஆம் ஆண்டில் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி வெளியிட்டார். ஐரோப்பியக் கிறிஸ்தவ அற்புதநவிற்சிக் கதையொன்றின் தழுவல் அது. அம்மூலக்கதையில், வீண்பழி சுமத்தப்பட்ட பேரரசி கருவுற்ற நிலையில் துரத்தப்படுகிறாள். காட்டில் இரட்டையரைப் பெறுகிறாள். ஒரு மகனைக் கரடி வளர்க்கிறது. மற்றவன் அரசவையில் வளர்கிறான். ஈற்றில் பழி நீங்கிக் குடும்பம் கூடுகிறது.

இத்தகைய கதைகள் மக்களைக் கவர்வது ஏன்? மணிமுடியும் வாட்போரும் மட்டும் காரணமல்ல. களங்கமற்றவள் பழி சுமந்தால் உலகம் பதில் சொல்லியாக வேண்டும் என்னும் அறவுணர்வே காரணம். வற்றாப்பளையில் கண்ணகிக்குப் பொங்கலிடும் வன்னி மக்களுக்கு அவ்வுணர்வு புதிதன்று. அதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுவது விமர்சனமாகாது.

ஆயின், அக்கதைகளின் குறைபாடும் அங்கேயே உள்ளது. பிரிப்பது தீயவன் ஒருவனின் சூழ்ச்சி. சேர்ப்பது தெய்வச் செயல். இடையில் மனிதர் பொறுத்திருந்தாற் போதும். 2017 பெப்ரவரியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் அவ்வாறு பொறுத்திருக்கவில்லை. அரசிடமே பதில் கேட்டனர்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கும் வரலாற்று நாவலையே வன்னி வேண்டி நிற்கிறது.