ஆண்ட்ரேயா ரடுகான்: பறிக்கப்பட்ட பதக்கமும் சாதனையும்

ஆண்ட்ரேயா ரடுகான் (பிறப்பு: செப்டம்பர் 30, 1983) உருமேனியாவின் பர்லாட் நகரில் பிறந்த சீருடற்பயிற்சி வீராங்கனை ஆவார். 1999 தியான்ஜின் உலக வாகையாளர் போட்டியில் தரைப் பயிற்சியில் தங்கம் வென்று கவனம் பெற்றார்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் முதலிடம் பெற்றார். 1976 இல் நாடியா கொமனட்சி வென்ற பின்னர் உருமேனியாவுக்கு இப்பிரிவில் கிடைத்த முதல் தங்கம் இது. ஆனால் அணி மருத்துவர் சளிக்குக் கொடுத்த மாத்திரையில் இருந்த சூடோஎபிட்ரின் அவரது சிறுநீரில் கண்டறியப்பட்டதால் பதக்கம் பறிக்கப்பட்டு, அதே அணியின் சிமோனா அமனாருக்கு வழங்கப்பட்டது. மேல்முறையீடும் தள்ளுபடியானது. அணித் தங்கமும் தாவுதலில் பெற்ற வெள்ளியும் அவரிடமே இருந்தன. மருத்துவருக்குத் தடை விதிக்கப்பட்டது, ரடுகானுக்கு விதிக்கப்படவில்லை.

தடை செய்யப்பட்ட பொருள் உடலில் இருந்தால் நோக்கம் எதுவாயினும் முடிவு செல்லாது என்பதே விதி. விதிப்படி தீர்ப்பு சரியானது. எனினும், மருத்துவரை நம்பிய 16 வயதுச் சிறுமியே பெரிய விலை கொடுத்தார் என்ற விமர்சனத்தை அது போக்கவில்லை. அப்பொருள் 2004 இல் தடைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2010 இல் அளவு வரம்புடன் மீண்டும் சேர்க்கப்பட்டது. எவ்வளவு இருந்தால் குற்றம் என்பதில் விதியமைப்பாளர்களே நிலை மாறியதை இது காட்டுகிறது.

ரடுகானை இந்தச் சர்ச்சையைக் கொண்டு மட்டும் அளவிடுவது குறையான மதிப்பீடாகும். 2001 கென்ட் உலகப் போட்டியில் அணி, சமநிலைச் சட்டம், தரைப் பயிற்சி ஆகிய மூன்றிலும் அவர் தங்கம் வென்றார். சிட்னியில் அவர் பெற்ற முதலிடம் மாத்திரையால் வந்ததன்று என்பதற்கு இவ்வெற்றிகளே வலுவான சான்று.