வழிபாட்டில் அழகு: வேதநாயக சாத்திரியாரும் பெத்லகேம் குறவஞ்சியும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பெருவழியில் அமைந்தது புதுச்சத்திரம். அதற்கு அணித்தேயுள்ள சேந்தமங்கலத்திற்குத் தத்துவபோதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட்டு தெ நொபிலி 1623ஆம் ஆண்டில் வந்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் அவர் வேண்டிய இசைவு உரோமையில் பிறந்தது. கிறித்தவராவோர் சந்தனம் பூசலாம், குடுமி வைக்கலாம், நூல் அணியலாம் என ஆணையிட்டார் போப்பரசர் பதினைந்தாம் கிரகோரி. இவை சமயக் குறிகள் அல்ல, ஒப்பனையும் குடிமரபுமே என்னும் வாதத்தின்மேல் அவ்விசைவு கிடைத்தது. சந்தனம் அழகு கருதியது, ஆதலின் தீங்கில்லை என்பது துணிபு. அஃதாவது, அழகு வழிபாட்டின் புறத்தது என்று ஒப்பிய பின்னரே அதற்கு இடம் தரப்பட்டது.

அழகு வழிபாட்டிற்குப் புறத்ததோ அகத்ததோ என்னும் வினா, இருநூறாண்டு கழித்துத் தஞ்சையில், சீர்திருத்தச் சபையாரிடையே மீண்டும் எழுந்தது. அதனை எழுப்பியவர் வேதநாயக சாத்திரியார் (1774–1864). சுவார்ச்சு ஐயரிடம் பயின்றவர். அவ்வையரின் அரவணைப்பில் வளர்ந்த சரபோசி மன்னரின் நட்பைப் பெற்றவர். புதிதாக வந்த குருமார் செய்தவற்றுள் நான்கினைக் கொடுமைகள் என 1829இல் அவர் எடுத்துக்காட்டினார். வேதத்தின் மொழிபெயர்ப்பை மாற்றுதல், மகிழ்ச்சிக்குரிய நிகழ்ச்சிகளில் மலரை விலக்குதல், வழிபாட்டினின்று தமிழிசையை நீக்குதல் என்பன மூன்று. நான்காவது, நற்கருணைப் பந்தியில் எல்லாச் சாதியாரையும் ஒருங்கு சேருமாறு வற்புறுத்துதல்.

இந்நான்கனுள் முதல் மூன்றை மட்டும் எடுத்துப் போற்றி, நான்காவதைச் சொல்லாது விடுதல் எளிது. அது நேர்மையான திறனாய்வு ஆகாது. மலரும் பாட்டும் பந்தி வேற்றுமையும் ஒரே முடிச்சில் கட்டப்பெற்றன. கட்டியவர் கவிஞர். குருமாரும் அம்முடிச்சை அவிழ்த்துப் பார்த்திலர். யாவும் பழைய வழக்கமே என்று ஒருசேர விலக்க முற்பட்டனர். சாதியைப் பொறுத்தவரை அவர்தம் பக்கமே அறம் நின்றது. ஆயின் பூவும் பண்ணும் யாரையும் தாழ்த்தவில்லையே!

இம்முடிச்சை அவிழ்ப்பதற்குக் கவிஞரின் நூலே துணை செய்கின்றது என்பது எம் கருத்து. 1800இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவன் பெத்லகேம் நாதன். அவன்பால் காதல் கொண்ட தலைவி திருச்சபை. பறவை பிடித்தல் ஆன்மாக்களைத் திருச்சபைக்குச் சேர்த்தலாக உருவகம் பெறுகின்றது. இவ்வுருவகம் சற்றே இடர்ப்படுகின்றது என்பதை மறைத்தற்கில்லை. வலைப்பட்ட பறவைக்கு வாழ்வு ஏது? (மனிதரைப் பிடிப்போர் என்னும் நற்செய்தி உவமைக்கும் இவ்விடர் உண்டு.) குறவஞ்சி என்னும் வடிவத்தை வெறும் மேலாடை என்று கூறுவாரும் உளர். தமிழ் உடை, கிறித்தவ உடல் என்பர். அங்ஙனமாயின் உடையைக் களைந்தபின் உடல் எஞ்சுதல் வேண்டும். இந்நூலின் பொருளை உரைநடையில் சுருக்கிப் பார்ப்பின் எஞ்சுவது ஒரு வினாவிடை ஏடே. பிரிவால் வாடும் தலைவியின் ஏக்கம்தான் இங்கே வேண்டுதலாகின்றது. ஏக்கத்தைப் பாடாமல் அவ்வேண்டுதல் நிகழாது. ஆகவே அழகு ஈண்டு வழிபாட்டின் ஒப்பனை அன்று. அதன் தொழிலே ஆகும்.

இன்னும் ஒன்று. குறவஞ்சியில் தலைவி உயர்குடியினள். குறத்தி மலைவாழ் எளியவள். எனினும் உண்மை அறிந்தவள் குறத்தியே. தலைவனின் வரவை உணர்த்தும் உரிமை அவளுக்கே உண்டு. சாத்திரியார் தாம் மேற்கொண்ட வடிவத்தின் இவ்வமைதியை மாற்றவில்லை. அவர் நூலிலும் குறி சொல்பவள் குறத்தியே. பந்தியில் பக்கத்தே அமர அவர் உடன்படாத எளியோரின் முன், அவர் பாட்டில் திருச்சபையே குறி கேட்டுக் கைநீட்டி நிற்கின்றது.