கணினிக் குறிப்பேடும் அமெரிக்க வைத்தியர்களும்

நோயாளியின் சரித்திரத்தைக் காகிதத்தில் எழுதிவந்த வழக்கத்தை விட்டுக் கணினியில் பதியும்படி வைத்தியர்களைத் தூண்டுவதற்காக, 2009-இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, மெடிக்கேர் என்னும் முதியோர் காப்பீட்டின் வழியே ஒருவருக்கு 44,000 டாலர் வரை ஊக்கத்தொகையும், இணங்காதவர்களுக்கு 2015 முதல் கட்டணக் குறைப்பும் விதித்தபோது, வைத்திய சமூகம் ஒரே குரலில் பேசவில்லை. வயதானவர்களுக்குப் புதுமை பிடிக்காது என்று இந்த அபிப்பிராய பேதத்துக்குக் காரணம் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் குறிப்புகளை நோயாளியின் பிரச்சினைவாரியாக ஒழுங்குபடுத்த வேண்டுமென்று 1968-இலேயே வாதாடி, பின்னர் அதைக் கணினியிலும் அமைத்துக் காட்டிய லாரன்ஸ் வீட் ஒரு வைத்தியரே.

முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1970-களின் பிற்பகுதி முதல் வைத்தியர்களும் நிரல் எழுதுவோரும் சேர்ந்து உருவாக்கிய அமைப்புக்கு, 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது பலன் தெரிந்தது; நியூ ஆர்லியன்ஸில் எத்தனையோ காகிதக் கோப்புகள் வெள்ளத்தில் அழிந்துபோக, அப்படைவீரர்களின் குறிப்புகளை வேறு ஊர் வைத்தியர்களால் படிக்க முடிந்தது. பிற்காலத்தில் பரவிய வியாபார அமைப்புகளோ, சிகிச்சைக்குப் பயன்படும் அளவுக்குக் காப்பீட்டுக் கணக்குக்கும் பயன்பட வேண்டியிருந்தன. பணம் பெறுவதற்கு இத்தனை விவரம் வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், நேற்றைய குறிப்பை அப்படியே இன்றும் ஒட்டிவைக்கும் தீய பழக்கம் வளர்ந்தது. வைத்தியர்களின் சண்டை இயந்திரத்தோடு அல்ல, தாம் எழுதுவது யாருக்காக என்பதிலேதான் என்று எனக்குப் படுகிறது. நள்ளிரவில் முன்பின் அறியாத நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் பிறர் எழுதிய குறிப்பை வாழ்த்துகிறார், விடியற்காலையில் தம்முடையதை எழுத உட்காரும்போது அதே சாதனத்தைச் சபிக்கிறார்.

கையெழுத்தே மேல் என்போர் கட்சியில் நான் சேரமாட்டேன். மருந்துக் கடைக்காரர் ஊகித்துப் படிக்க வேண்டிய சீட்டுகளால் விளைந்த கேடு கொஞ்சமன்று. ஆயினும், கணினி சொன்னதால் சரி என்னும் நம்பிக்கையும் ஆபத்தானதே. 2013-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில், பதினாறு வயதுப் பையனுக்கு ஒரு மாத்திரை தர எண்ணிய வைத்தியர், மில்லிகிராமில் குறிக்க வேண்டிய அளவை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அவ்வளவு என்று பொருள்படும் கட்டத்தில் இட்டுவிட்டார், கணினி எச்சரித்தது, பொருளற்ற எச்சரிக்கைகளை நாள்தோறும் கண்டு சலித்தவர்கள் அதையும் கடந்துபோக, தானியங்கி இயந்திரம் முப்பத்தெட்டரை மாத்திரைகளைக் கட்டித் தந்தது, செவிலியும் அவ்வளவையும் கொடுத்தார். பையன் வலிப்புக் கண்டும் உயிர் பிழைத்தான் என்பது அதிர்ஷ்டம்.

நோயாளியோடு கழிக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தைக் கணினியும் மேசை வேலையும் விழுங்குகின்றன என்று 2016-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியரான ஆபிரகாம் வர்கீஸ், கட்டிலில் கிடப்பவனை விட்டுத் திரையில் தெரியும் நோயாளிக்கே மரியாதை நடக்கிறது என்று வருந்தியதும் இதனால்தான். பெரிய மருத்துவமனைகள் இன்று பக்கத்தில் ஓர் எழுத்தரை அமர்த்தித் தட்டச்சுச் செய்விக்கின்றன. தனியே தொழில் நடத்தும் சிற்றூர் வைத்தியருக்கு அந்த வசதி ஏது? அவர் இரவில் வீட்டில் உட்கார்ந்து தாமே பதிகிறார். ஊக்கத்தொகையும் எப்போதோ நின்றுவிட்டது.