பங்கா, உரிமையா?

காடு காக்கும் திட்டங்களைப் பற்றிய ஆவணங்களில் ஓயாமல் அடிபடும் சொல் ‘பங்குதாரர்’. வனத்துறை, கிராமம், கம்பெனி, தொண்டு நிறுவனம் எல்லோரும் ஒரே பாயில் சமமாக உட்கார்ந்திருப்பதான தோற்றத்தை இச்சொல் உண்டாக்குகிறது. பலனை நியாயமாகப் பங்கிடுவோம் என்கிறார்கள். நல்ல விஷயந்தான். கூறு போடுகிறவர் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இந்தச் சொல்லாடலின் மூலக்கதை மேற்கு வங்கத்தின் அராபாரி. 1972 வாக்கில் அங்கே 11 கிராமங்களின் 618 குடும்பங்கள் 1,272 ஹெக்டேர் சால் காட்டைக் காக்க முன்வந்தன. மரம் வெட்டும்போது வருமானத்தில் 25 சதவீதம் என்பது வாக்குறுதி. காடு தழைத்தது. பங்குக்கான அரசாணை வர 1987 ஆயிற்று. பதினைந்து வருஷம்! நம் ஊரில் இதற்குப் பெயர் வாரம். பாடுபடுகிறவன் வாரக்குடி, காடு சர்க்காருடையது.

1990 ஜூன் 1 தேதியிட்ட மத்திய அரசின் சுற்றறிக்கை இம்முறையை நாடெங்கும் பரப்பியது. ‘கூட்டு வன மேலாண்மை’ என்று கொண்டாடப்பட்ட அந்த ஆவணத்தை வாசித்துப் பாருங்கள். பயனாளிகளுக்கு நிலத்தில் உடைமையோ குத்தகை உரிமையோ தரலாகாது. நிபந்தனையை மீறினால் நஷ்டஈடின்றிச் சலுகைகளைப் பறிக்கலாம். ஆக, ‘பங்குதாரர்’ என்று மேடையில் அழைக்கப்படுகிறவர் காகிதத்தில் வெறும் ‘பயனாளி’.

பங்கீட்டுக் கணக்கில் ஏறாத இழப்பும் உண்டு. காட்டை அடைத்த மறுநாளே விறகுக்கு இன்னும் இரண்டு மைல் நடக்க வேண்டியவள் பெண். மரப் பணமோ பல வருஷம் கழித்து, பெரும்பாலும் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கமிட்டிக்கு வருகிறது. நட்டம் அன்றாடம், லாபம் என்றைக்கோ. இதில் எங்கே நியாயம்?

2006இன் வன உரிமைச் சட்டம் கேள்வியையே மாற்றிப் போட்டது. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமத்துக்கு உரிமை உண்டு என்றது. மூங்கிலைச் சிறு வன மகசூல் என்றது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா (லேகா) என்னும் கோண்டு ஆதிவாசிகளின் கிராமம் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்குச் சமூக உரிமை பெற்றது. அப்புறமும் மூங்கிலை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு தர வனத்துறை மறுத்தது. 2011 ஏப்ரலில்தான் சீட்டுப் புத்தகம் கிராமசபையின் கைக்கு வந்தது. அது சாதாரணப் புத்தகமல்ல. விற்பனையை யார் தீர்மானிப்பது என்கிற அதிகாரம்.

எத்தனை சதவீதம் என்ற பேரத்தில் நின்றுவிடும் அரசியல் வாரக்குடி அரசியலே. அதற்காகக் கிராமசபையைப் புனிதமாக்கிவிடவும் வேண்டாம். சீட்டுப் புத்தகம் ஊருக்கு வந்த பிறகு அதில் கையெழுத்துப் போடுவது யார்? விறகு சுமந்தவளுக்கு அங்கே பேச இடம் உண்டா? பங்கீட்டைப் பற்றிய விவாதம் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.