கோடு புள்ளியாகும் இடம்

கிட்டின் மூலநிரலைத் திறந்ததும் பலரும் ஆப்ஜெக்ட் ஸ்டோரைத் தேடிப் போவார்கள். நான் நேரே போவது கிட்-வெர்ஷன்-ஜென் என்ற சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு. பதிப்பு எண்ணைச் சொல்வது ஒன்றே அதன் வேலை.

டார்பாலோடு வந்த வெர்ஷன் கோப்பு இருந்தால் அதையே நம்பும். இல்லாவிட்டால், கடைசி டேக்கிலிருந்து எத்தனை கமிட் தள்ளி நிற்கிறோம் என்று டிஸ்கிரைப் கட்டளையிடம் கேட்கும். அதற்கும் வழியில்லாதபோதுதான் கையால் எழுதிவைத்த எண்ணுக்கு வரும். கமிட் ஆகாத திருத்தம் ஒன்று கிடந்தாலும் வாலில் 'டர்ட்டி' என்று ஒட்டிவிடும். பிறகு வருகிறது எனக்குப் பிடித்த அந்த 'செட்' கட்டளை வரி: கோடுகளை எல்லாம் புள்ளிகளாக்கும். 2.43.0-12 என்றிருந்தது 2.43.0.12 ஆகிவிடும். ஆர்பிஎம் பேக்கேஜ் கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே பெயர், பதிப்பு, ரிலீஸ் மூன்றுக்கும் நடுவே வேலி அந்தக் கோடுதான். பதிப்புக்குள் அது நுழையவே கூடாது. எங்கோ உட்கார்ந்து ஸ்பெக் ஃபைல் எழுதுகிறவரின் தலைவலி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சர்வரில் ஓடிய பில்டுக்கு 'ஃபைனல்-நியூ' என்று பெயர். ஒரு ராத்திரி அது படுத்துவிட்டது. எந்த கமிட்டிலிருந்து கட்டியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போயிருந்த ஒருவருடைய லேப்டாப்பில் கமிட் ஆகாத நாலு வரி இருந்தது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

கிட்டை உருவாக்கிய லினஸைப் புகழ ஆயிரம் பேர் உண்டு. என் ஆள் ஜூனியோ ஹமானோ. 2005 ஏப்ரலில் பிறந்த கிட், அந்த ஜூலையிலேயே அவர் கைக்கு வந்தது. 'என்ன சமையல்' என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் அனுப்பும் அறிக்கையில் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் ஒரு வரித் தீர்ப்பு இருக்கும்: நெக்ஸ்ட்டில் சேரும், திருத்தி எழுதி வரட்டும், இன்னும் யாராவது படித்துப் பார்க்க வேண்டும். பாதியில் நிற்கும் வேலைகள் கூடும் பிராஞ்சுக்கு 2020இல் 'சீன்' என்று பெயர் மாற்றினார்கள். கண்ணில் பட்டது என்றுதான் அர்த்தம், ஏற்றுக்கொண்டதாக இல்லை. அந்த பிராஞ்சை ஒட்டுப்போட்டு ஓட்டாமல் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டுகிறார். அந்தப் பொறுமைக்கு முன் புது வசதிகள் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

கிட்டின் போட்டியாளர்களில் மெர்க்குரியலின் கட்டளைகள் சீரானவை என்பார்கள், சரிதான். ஃபாஸில் ஒரே கோப்பு, பேக்கேஜ் தொல்லையே இல்லை என்பார்கள், அதுவும் சரி. ஆனால் டெபியன்காரர்கள் கிட்டைப் பிரித்துவைத்திருக்கும் பாங்கைப் பாருங்கள்: ஈமெயிலுக்குத் தனி, எஸ்விஎன்னுக்குத் தனி, கிட்-கே தனி. திரையில்லாத சர்வருக்கு கிட்-கே கேட்கும் டிகே எதற்கு? 'கிட்' என்ற பெயர் குனூ இன்டராக்டிவ் டூல்ஸிடம் இருந்தவரை 'கிட்-கோர்' என்றே காத்திருந்து, டெபியன் 6இல்தான் சொந்தப் பெயருக்கு வந்தார்கள். பழைய பெயரில் இன்ஸ்டால் செய்திருந்தவர்களுக்காக ஒரு காலிப் பேக்கேஜையும் விட்டுவைத்தார்கள்.

இன்றைக்கு எல்லாவற்றையும் கண்டெய்னரில் திணித்து 'லேட்டஸ்ட்' என்று டேக் அடித்துவிடுகிறார்கள். சேஞ்ச்லாகில் 'பல்வேறு திருத்தங்கள்' என்று ஒற்றை வரி. எந்தத் திருத்தம், யாருக்காக?

போன மாதம் ஒரு பையன் அனுப்பிய பில்டின் வாலில் டர்ட்டி இருந்தது. "ஒரு ஸ்பேஸ்தான் சார் எக்ஸ்ட்ரா" என்றான். அந்த ஸ்பேஸையும் கமிட் பண்ணிவிட்டு மறுபடி கட்டச் சொன்னேன்.