சின்னத்திரை பரியும் பெருந்திரை பரியும்

2014 ஒக்டோபர் 7 ஆம் திகதி அமெரிக்காவின் சீ.டபிள்யூ. தொலைக்காட்சியில் 'த ஃபிளாஷ்' தொடர் ஆரம்பமாகியது. மின்னல் தாக்கியதால் அசாத்திய வேகம் பெற்ற பரி அலன் என்ற இளைஞனாகக் கிரான்ட் கஸ்டின் நடித்தார். சரியாக எட்டு நாள் கழித்து, 15 ஆம் திகதி, அதே பாத்திரத்தின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் வோர்னர் நிறுவனம் தனது எதிர்காலத் திரைப்படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதிலும் ஃபிளாஷ் இருந்தான். நடிகர் மாத்திரம் வேறு: எஸ்ரா மில்லர். தொடர் ஓர் உலகம், படம் வேறோர் உலகம், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது ஏற்பாடு.

அன்று தொடங்கிய ரசிகர் சண்டை 2023 இல் தொடரின் முடிவும் படத்தின் வருகையும் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது உச்சத்தை எட்டியது. உண்மையான பரி அலன் யார்? கஸ்டினா, மில்லரா?

ஓடும் மனிதர்களையும் பறக்கும் மனிதர்களையும் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று சில இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். மூலம், தழுவல், பாத்திர வார்ப்பு, வடிவம் என்று நாம் கருத்தரங்குகளில் கதைக்கின்றவற்றைத்தான் இந்த இளைஞர்களும் கதைக்கிறார்கள். ஒரே கதை இரண்டு வடிவங்களில் வரும்போது எது உயர்ந்தது, ஏன் உயர்ந்தது என்று கேட்பது ஒப்பியல் விமர்சனத்தின் முதற் கேள்வி. நமது விமர்சகர்கள் பலர் கேட்க மறந்த கேள்வியும் அதுதான் என்பேன்.

ஆயினும் இவர்கள் சொல்வதெல்லாம் விமர்சனமாகிவிடாது. மில்லர் அதிகம் உளறுகிறார், கஸ்டின் அதிகம் அழுகிறார். படத்தில் ஓடும்போது கைகால் வீசும் விதம் சிரிப்பை வரவழைக்கிறது. தொடரின் கணினி வரைகலை மலிவானது. இப்படியே பாதித் தர்க்கம் கழிந்துவிடுகிறது. நடிகரின் சொந்த வாழ்க்கைச் செய்திகளைத் தூக்கிவந்து பாத்திரத்தின் தலையில் கொட்டுவோரும் உளர். இவற்றால் எவருக்கும் பயனில்லை.

'கொமிக்ஸில் உள்ளது போல இல்லை' என்ற வாதம் சற்றுக் கனமானது போலத் தோன்றும். ஆனால் எந்தக் கொமிக்ஸ்? ஃபிளாஷ் என்ற பெயரில் 1940 இல் முதலில் ஓடியவன் ஜே கரிக். பரி அலன் 1956 இல்தான் வருகிறான். இன்று தொடருக்கும் படத்துக்கும் முதுகெலும்பாக இருக்கும் தாயின் கொலை, அந்த 1956 ஆம் ஆண்டுக் கதையில் இல்லவே இல்லை. 2009 இல் ஜெஃப் ஜோன்ஸ் எழுதிய கதையில்தான் பரியின் தாய் அவனது சிறுவயதில் கொல்லப்பட்டவளாகிறாள். 2011 இல் அவரே எழுதிய 'ஃபிளாஷ்பொயின்ற்' கதையில் பரி காலத்தில் பின்னோக்கி ஓடித் தாயைக் காப்பாற்றி, அதனால் உலகையே குழப்பிவிடுகிறான். ஐம்பது வருடங்களுக்கு மேலாகத் தாயின் மரணம் இல்லாமலே வாழ்ந்த ஒரு பாத்திரத்துக்கு எதை மூலம் என்பது?

இன்னொரு சுவையான விடயத்தையும் சொல்ல வேண்டும். 1961 இல் கார்ட்னர் ஃபொக்ஸ் எழுதி கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த ஒரு கதையில் பரி அலன் தற்செயலாக வேறோர் உலகத்துக்குப் போய்ப் பழைய ஃபிளாஷான ஜே கரிக்கைச் சந்திக்கிறான். சந்தித்த மாத்திரத்தில் அவனை அடையாளம் கண்டுகொள்கிறான். எப்படி? தன்னுலகில் ஜே கரிக்கின் கதைகளைச் சித்திரக்கதைப் புத்தகங்களில் வாசித்து வளர்ந்தவன் அவன். நாயகனே ஒரு ரசிகன்! பல உலகங்கள் என்ற கற்பனை இந்த நிறுவனத்தின் கதைகளில் வேரூன்றியது அந்தக் கதையில்தான். ஆகவே இரண்டு ஃபிளாஷ்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ரசிகர்கள் எவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

எனது ராத்தாவின் மகன் கஸ்டின் கட்சி. "மாமா, நீங்க படத்த மட்டும் பாத்திட்டுக் கதைக்கிறீங்க. அந்தப் பரிக்குக் கூட்டாளிமார், வீடு வாசல் ஒண்டும் இல்ல. எங்கட பரிக்கு எல்லாம் இரிக்கி" என்று அடித்துச் சொல்வான். அந்த 'எங்கட' என்ற சொல்லில்தான் விடயம் கிடக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். தாய் நோரா கொல்லப்படும் இரவு. முகத்துக்கு முகம், உடைக்கு உடை என்று ஒப்பிடுவதைவிட இது நியாயமானது.

தொடரில் முதற் பருவத்தின் இறுதி அத்தியாயம், 2015 மே மாதம் ஒளிபரப்பானது. இருபத்துமூன்று வாரங்களாகப் பரி தேடிய கணம் வருகிறது. காலத்தைக் கடந்து, தான் சிறுவனாக இருந்த வீட்டுக்குள் அவன் நிற்கிறான். அடுத்த அறையில் தாய் கொல்லப்படப் போகிறாள். ஓர் எட்டு வைத்தால் தடுத்துவிடலாம். அங்கே ஏற்கெனவே வந்திருக்கும் வயதில் மூத்த பரி, வேண்டாம் என்று கையால் சைகை செய்கிறான். இவன் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறான். கொலை நடந்து முடிகிறது. பின்னர்தான் உள்ளே போய், முகமூடியைக் கழற்றி, உயிர் பிரிந்துகொண்டிருக்கும் தாயிடம் நான்தான் உங்கள் மகன், நானும் வாப்பாவும் நலமாக இருப்போம் என்று ஆறுதல் சொல்கிறான். (வாப்பா என்பது எனது மொழிபெயர்ப்பு.) உலகிலேயே வேகமானவன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். இந்த வகைக் கதைகளில் நான் கண்ட மிகச் சிறந்த காட்சிகளில் இது ஒன்று. கொலையாளி யார் என்பதும் நமக்குத் தெரியும். அத்தனை வாரமும் பரிக்கு ஆசானாக, தந்தைக்குச் சமானமாக இருந்தவரின் முகத்துக்குள் ஒளிந்திருந்தவன்தான் அவன். டொம் கவனா அந்த இரட்டை வாழ்வை நடித்த விதத்தை எந்தத் திரைப்பட வில்லனுடனும் ஒப்பிடலாம்.

படத்துக்கு வருவோம். 2023 ஜூன் 16 ஆம் திகதி வெளிவந்தது, இயக்கம் அன்டி முஸ்கியெட்டி. இங்கே தாயின் மரணத்துக்குக் காரணம் ஒரு தக்காளி டின். சமையலுக்கு வாங்க மறந்த டின்னை எடுத்துவரத் தந்தை கடைக்குப் போகிறார். அந்த இடைவெளியில் கொலை நிகழ்கிறது. தந்தை மீதே பழி விழுகிறது. பரி காலத்தில் பின்னால் ஓடிச் செய்வதெல்லாம், சுப்பர்மார்க்கெட்டில் தாயின் ட்ரொலிக்குள் ஒரு டின்னைப் போட்டுவிடுவதுதான். அதனால் உலகம் தலைகீழாகிறது. இறுதியில் அவன் அதே கடைக்குத் திரும்பிவந்து, தான் போட்ட டின்னைத் தானே எடுக்க வேண்டியதாகிறது. தன்னை யாரென்று அறியாத தாயுடன் ஓரிரு வார்த்தை கதைத்து, அவளை அணைத்துக்கொண்டு பிரிகிறான்.

ரசிகர்கள் இந்தக் காட்சிக்கு நியாயம் செய்யவில்லை என்றே கூறுவேன். மில்லரும் தாயாக நடித்த மரிபெல் வெர்டூவும் அதில் அளவோடு, அழகாக நடித்திருக்கிறார்கள். தக்காளி டின் நல்ல படிமம். அற்பமான ஒரு பொருளில் ஓர் உயிர் தொங்குகிறது. கொலையாளி யார் என்று படம் சொல்லவேயில்லை. தொடரின் ரசிகர்கள் இதை ஓட்டை என்கிறார்கள். எனக்கோ அது படத்தின் பலமாகப் படுகிறது. கொன்றவன் பெயரற்றுப் போகும் மரணங்கள் எத்தகையவை என்று இந்த நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் படம் தன் கண்ணீரைத் தானே துடைத்துவிடுகிறது. சிலவற்றை மாற்றக் கூடாது என்று கற்றுக்கொண்ட அதே நிமிடத்தில் பரி டின்களை மேல் தட்டில் மாற்றி வைக்கிறான். ஏன்? தந்தை டின்னை எடுக்கத் தலையை உயர்த்தும்போது கமெராவில் அவரது முகம் பதிய வேண்டும். வழக்கில் அவர் தப்ப வேண்டும். தந்தை விடுதலையாகிறார். அதன் விளைவாக உலகம் மறுபடியும் மாறி, பட்மனாக ஜோர்ஜ் குலூனி வந்து இறங்குகிறார், அரங்கம் சிரிக்கிறது. தாயை இழந்த துயரம் பகிடியில் முடிகிறது. தொடரின் முதற் பருவத்துக் கஸ்டின் கதவுக்குப் பின்னால் நின்றபோது அவனுக்குக் கைம்மாறாக எதுவும் கிடைக்கவில்லை. எனது தீர்ப்பு இந்த இடத்தில்தான் தொடரின் பக்கம் சாய்கிறது.

சாய்ந்தாலும் தொடருக்கு முழுப் புள்ளி போட முடியாது. ஒரு வருடம் கழித்து, 2016 மே மாதம், இரண்டாம் பருவத்தின் முடிவில் பரி மீண்டும் அதே வீட்டுக்கு ஓடி, இம்முறை தாயைக் காப்பாற்றிவிடுகிறான். 2015 இன் அந்த அற்புதமான காட்சி ஒரே ஓட்டத்தில் அழிக்கப்படுகிறது. அந்த மாறிய உலகமும் மூன்றாம் பருவத்தின் முதல் அத்தியாயத்துடனேயே ஏறக்குறையக் கட்டிவைக்கப்படுகிறது. நன்றாக முடிந்த ஒன்றை மீண்டும் திறந்து பார்ப்பது தொடர்களின் தீராத வியாதி. அடுத்த பருவத்துக்கு ஆள் வேண்டும், விளம்பரம் வேண்டும். நமது பத்திரிகைத் தொடர்கதைகளில் இறந்தவர் திரும்பி வந்ததை வாசித்தவர்களுக்கு இது புதினமல்ல.

இப்போது 'எங்கட' என்ற சொல்லுக்கு வரலாம். தொடர் ஒன்பது பருவங்களாக 184 அத்தியாயங்கள் ஓடியது. ஓர் அத்தியாயம் நாற்பது நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்று வைத்தால் ஏறக்குறைய 130 மணித்தியாலங்கள். படம் 144 நிமிடங்கள். இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி? கஸ்டினின் பரி அந்தப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய், பரீட்சை எழுதி, வேலைக்குப் போய்விட்டான். இடையில் பல அத்தியாயங்கள் சப்பென்று இருந்ததை அவர்களே ஒத்துக்கொள்வார்கள். ஆனாலும் சலித்த அத்தியாயங்களும் உறவின் பகுதிதான். படத்தை விரும்பியவர்கள் ஒரு படைப்பை விரும்புகிறார்கள். தொடரை விரும்பியவர்கள் ஒரு பழக்கத்தையும் சேர்த்து விரும்புகிறார்கள். இதைப் பிரித்தறியாமல் 'கஸ்டினே சிறந்தவர்' என்று கத்துவதால்தான் சண்டை ஓயாமல் நீள்கிறது.

ஆனால் அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு நியாயமான கோபமும் இருக்கிறது. சின்னத்திரை கீழ்ச்சாதி, பெருந்திரை மேல்சாதி என்ற ஏற்பாட்டைச் செய்தது ரசிகர்களல்ல. 2001 இல் தொடங்கிய 'ஸ்மோல்வில்' தொடர் முதலில் இளவயது பட்மனைப் பற்றியதாகவே திட்டமிடப்பட்டது. திரைப்படப் பிரிவு பட்மன் படம் எடுக்க நினைத்ததால் தொலைக்காட்சிக்குக் கிடைத்தது இளவயது சுப்பர்மன். டொம் வெலிங் அந்த வேடத்தில் வாரந்தோறும் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2006 இல், பிரண்டன் ரூத் திரையரங்கில் சுப்பர்மனாகப் பறந்தார். 'அரோ' தொடரில் அமெண்டா வோலர் என்ற பாத்திரம் 2016 ஜனவரியில் கொல்லப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் அதே பாத்திரம் 'சூயிசைட் ஸ்குவாட்' படத்தில் வேறொரு நடிகையுடன் வந்தது. பெரிய வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் சின்ன வீட்டிலிருந்து கதிரை எடுத்துப்போவது போன்றதுதான் இது.

சின்ன வீட்டுக்காரர்களோ தாராளமாக நடந்துகொண்டார்கள். 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலுமாக ஒளிபரப்பான 'கிரைசிஸ் ஒன் இன்ஃபினிட் ஏர்த்ஸ்' கதைத்தொகுப்பில் ஒரே படத்தோடு மறக்கப்பட்ட ரூத்துக்கு மீண்டும் சுப்பர்மன் உடை கொடுத்தார்கள். வெலிங்கையும் அழைத்தார்கள். 1990 ஆம் ஆண்டு ஒரே பருவத்தோடு நின்றுபோன பழைய ஃபிளாஷ் தொடரின் நாயகன் ஜோன் வெஸ்லி ஷிப் ஏற்கெனவே கஸ்டினின் தந்தையாக நடித்திருந்தார்; இங்கே தனது பழைய ஃபிளாஷாகவே வந்து உலகங்களுக்காக ஓடி மடிந்தார். எஸ்ரா மில்லரும் ஒரு நிமிடம்போல வந்து கஸ்டினைச் சந்தித்தார். இரண்டு பரிகளும் ஒருவரையொருவர் வியந்து பார்த்து, உடைகளைப் பற்றி ஓரிரு வார்த்தை கதைத்துப் பிரிந்தார்கள். 1961 ஆம் ஆண்டுக் கதையின் நேரடி வாரிசு அந்த ஒரு நிமிடம்.

மார்வெல் நிறுவனத்தின் 'டெயார்டெவில்' விடயத்தில் நிலைமை வேறு. 2003 ஆம் ஆண்டுப் படத்தை இன்று விரும்பி நினைப்பவர் குறைவு. 2015 இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரின் இரண்டாம் அத்தியாயத்தில், ஒடுங்கிய நடைபாதைச் சண்டையின் நடுவே நாயகன் மூச்சிரைத்துச் சுவரில் சாய்ந்துகொள்கிறானே, அந்தக் களைப்பு ஒன்றே படத்தை வென்றுவிட்டது. அதில் நடித்த சார்லி கொக்ஸ் 2021 டிசம்பரில் ஸ்பைடர்மன் படத்துக்குள் அதே பாத்திரமாக வந்தபோது ரசிகர்கள் ஆரவாரித்தார்கள். அங்கே கதவு திறந்தது.

ஃபிளாஷ் படத்தில் அது திறக்கவில்லை. படத்தின் உச்சக்கட்டத்தில் உலகங்கள் ஒன்றோடொன்று மோத, பழைய நாயகர்களின் முகங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. 1959 இல் இறந்த ஜோர்ஜ் ரீவ்ஸ், 2004 இல் இறந்த கிறிஸ்டோபர் ரீவ், 2017 இல் இறந்த அடம் வெஸ்ட். எடுக்கப்படாமலே கைவிடப்பட்ட ஒரு படத்தின் சுப்பர்மனாக நிக்கலஸ் கேஜும் உண்டு. ரீவ்ஸும் வெஸ்ட்டும் தொலைக்காட்சித் தொடர்களால் புகழ்பெற்றவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐம்பதுகளின், அறுபதுகளின் தொலைக்காட்சி பாரம்பரியமாகிவிட்டது. அதற்கு மரியாதை உண்டு. தொடரின் கடைசி அத்தியாயம் மே 24 ஆம் திகதி ஒளிபரப்பானது. இருபத்துமூன்று நாள் கழித்து வந்த இந்தப் படத்தில், ஒன்பது பருவம் பரி அலனாக ஓடிய கிரான்ட் கஸ்டினின் முகம் ஒரு கணமேனும் இல்லை.